இரட்டைக் கொக்கி

இன்றைக்குக் கழட்டி லாரியில் ஏற்றப் போகிற கிரேனுக்குப் புதுப் பெயின்ட் யார் அடிப்பார்கள்? ஏணியின் கடைசிப் படியைத் தாண்டி, தரைக் கதவைத் தூக்கி மேடைக்கு வந்து, கதவை மூடிவிட்டு மூச்சு வாங்க நின்றபோதே அந்த வாசனை அவன் மூக்கில் ஏறியது. எட்டு மாதமாக வெயிலிலும் மழையிலும் நின்ற இரும்பு, அதன் பழைய கிரீஸ், புறா எச்சம், பனியின் ஈரம், இவற்றுக்கெல்லாம் நடுவே இன்னும் காயாத பெயின்ட்டின் நெடி தனியாகத் தெரிந்தது. கீழே எட்டிப் பார்த்தான். கட்டடம் இல்லை, தெரு இல்லை, தரையே இல்லை. விடிந்து ஒரு மணி நேரம் ஆகியும் கோபுரக் கிரேனின் கழுத்தைச் சுற்றியிருந்த அந்தச் சின்ன மேடையும் அதன் மேல் அவனும் மட்டும்தான் வெள்ளைப் பனிக்குள் மிச்சம்.

பனியில் ஏறக்கூடாது என்பது வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருவது. அதைச் சொல்லித் தந்த மாமாவேதான் இன்றைக்கு ஏறச் சொன்னார். மாமா என்றால் அக்காவின் கணவர், இந்தக் கிரேன் கோஷ்டிக்கு சூப்பர்வைசர். "மாப்ள, ஒன்பது மணிக்குப் பெரிய கிரேன் வந்துடும். அதுக்குள்ள மேடையோட கைப்பிடிய மட்டும் கழட்டி வச்சிடு. மத்தவங்க பனி விலகினதும் வரட்டும்" என்றார். மாமா சொன்னால் இவன் கிணற்றில்கூட குதிப்பான் என்று அக்காவே கேலி செய்வாள். அவன் தலையாட்டிவிட்டு ஸ்பேனர் பையைத் தோளில் போட்டுக்கொண்டான். போல்ட் கழட்டுவதில் அவனுக்கு இருந்த கைவேகத்தால் கோஷ்டியில் எல்லோருக்கும் அவன் ஸ்பேனர்தான். சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் ஞாபகம் வரும்.

மேடையின் நான்கு பக்கமும் இரும்புக் குழாயில் கைப்பிடி. ஒவ்வொரு குழாயின் இரண்டு முனையிலும் ஒரு போல்ட். வேலை செய்கிறவன் தன் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை அந்தக் குழாயில்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். ஏணிக்கு எதிர்ப்பக்கம், கடைசிக் கைப்பிடியில் அவனும் மாட்டிக்கொண்டான். பக்கத்துக் கைப்பிடியின் முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம். கீழே, வெகு கீழே, ஏணியில்.

டக்.

கொஞ்ச நேரம் கழித்து, இன்னொரு டக்.

யாரோ ஏறி வருகிறார்கள் என்பது புரிந்தது. எப்படி ஏறி வருகிறார்கள் என்பது புரிந்தபோது அவன் கை நின்றுவிட்டது. இரண்டு கொக்கி. ஒன்றை மேல் படியில் மாட்டிய பிறகே மற்றதைக் கழட்டி, எந்த நொடியிலும் ஒரு கொக்கியாவது இரும்பைப் பிடித்திருக்கும்படி ஏறுகிற முறை. ஏட்டில் இருக்கிற முறை. கோஷ்டியில் அதை ஒழுங்காகச் செய்தவன் ஒரே ஒருவன், அவனோடு அறையைப் பங்கிட்டுக்கொண்ட வெல்டர். "நீ மேல வந்து சேர்றதுக்குள்ள நாங்க கட்டடத்தையே முடிச்சிடுவோம்டா" என்று எல்லோரும் ஓட்டுவார்கள். "நான் மெதுவாவே வந்து சேர்றேன். நீங்க வேகமா போய்ச் சேர்ந்துடாதீங்க" என்பான் அவன்.

ஆறு மாதத்துக்கு முன், கட்டடம் வளர வளர கிரேனை இன்னும் உயரமாக்கிய அன்று, இதே மேடையிலிருந்து வெல்டர் விழுந்தான். விழுந்ததும் முதலில் மேலே ஏறிப் பார்த்தவர் மாமா. கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தவர், கைப்பிடியெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, பையன் கொக்கியை மாட்டவில்லை என்றார். "நான் கண்ணால பார்த்தேன். நீயும் பார்த்தேன்னு எழுதிக் கொடுத்துடு மாப்ள. கோஷ்டியில இருபது குடும்பம் இருக்கு." அவன் எதையும் பார்க்கவில்லை. ஆனாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். வெல்டரின் மனைவி மட்டும் விடவில்லை. மனு மேல் மனுவாகப் போட்டாள். நாளைக்கு விசாரணை. நேற்றுச் சாயங்காலம்தான் அவன் மாமாவிடம் மெல்லச் சொல்லியிருந்தான், இன்னொரு தடவை பொய் சொல்ல வாய் வராது என்று. மாமா கோபித்துக்கொள்ளவே இல்லை. தோளில் தட்டி, "உன் மனசுப்படி செய்" என்றார். அந்த நிம்மதியில் அவன் ராத்திரி நன்றாகத் தூங்கினான்.

டக். டக்.

நெஞ்சில் தொங்கிய ரேடியோவை அழுத்தினான். "மாமா, யாரை மேல அனுப்பினீங்க?"

"யாரும் ஏறலையே. எல்லாரும் இங்க டீ குடிச்சிட்டு இருக்காங்க. பனியில காது அடைக்கும், வேலையப் பாரு. கடைசிக் கைப்பிடியில மாட்டிட்டுத்தானே நிக்கிறே?"

"ஆமா மாமா."

"அது போதும். நல்லா சாஞ்சு நின்னு முறுக்கு."

ஏன் கடைசிக் கைப்பிடி என்று யோசித்தபடியே அவன் அந்த முனைக்கு நகர்ந்தான். பெயின்ட் நெடி அங்கேதான் பலமாக இருந்தது. போல்ட் இருக்க வேண்டிய இடத்தைக் கட்டை விரலால் தடவினான். மஞ்சள் ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே நட்டு இருந்தது. போல்ட் இல்லை. நட்டின் துளைக்குள் ஒரு வெல்டிங் ராடைச் செருகி, இரண்டு பக்கமும் வளைத்து, மேலே பெயின்ட்டைப் பூசியிருந்தார்கள். ஒரு ஆள் சாய்ந்தால் போதும். ராடு நிமிரும், குழாய் கதவு போலத் திறந்துகொள்ளும், கொக்கி அதன் மேல் வழுக்கிக்கொண்டே போய் முனையில் கழன்றுவிடும்.

பெயின்ட்டைச் சுரண்டினான். குழாயில், நடுவிலிருந்து கடைசி முனை வரை, நீளமாக ஒரு கீறல். பழைய கீறல். கொக்கி வழுக்கிய தடம்.

அப்படியானால் வெல்டர் மாட்டித்தான் இருந்தான், போல்ட் இல்லாத கைப்பிடியில். அந்தக் கால் மணி நேரத்தில் மாமா மேலே செய்தது, விட்டுப்போன போல்ட்டைப் போட்டதுதான்.

பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறு. முதல் ஷூவை வாங்கித் தந்து, குனிந்து லேஸ் கட்டக் கற்றுக்கொடுத்த கை. அந்தக் கைதான் நேற்று இருட்டுவதற்குள் இங்கே ஏறி, நல்ல போல்ட்டைக் கழட்டி, பொறுமையாக ராடை வளைத்து, பிரஷ்ஷால் பெயின்ட்டும் அடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது. 'கொழம்ப அவனுக்கு இன்னும் ஊத்து' என்று அக்காவிடம் சொன்னதும் அதே வாய்தான். இப்படியும் ஒரு மனிதரால் முடியுமா என்று அவனுக்கு ஆறவே இல்லை.

டக். இப்போது கிட்டத்தில்.

கொக்கியைக் கழட்டினான். வேறெங்கே மாட்டுவது? மற்ற கைப்பிடிகளில் எத்தனை ராடோ. கிரேனின் இரும்புக் கால்களெல்லாம் கொக்கியின் வாய்க்குள் அடங்காத தடிமன். அடங்கக்கூடியது ஒன்றுதான், கதவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஏணியின் தலைப்படி. சத்தம் வந்துகொண்டிருந்த அதே ஏணி. மண்டியிட்டு நகர்ந்து போய் அதில் மாட்டினான்.

"மாமா. எங்க இருக்கீங்க?"

"கீழதான் இருக்கேன்."

அந்தச் சொல் இரண்டு தடவை கேட்டது. ஒரு தடவை ரேடியோவில். ஒரு தடவை அவன் முழங்காலுக்கு அடியில்.

அவன் முழங்காலை இழுத்துக்கொண்டு விலக, கதவு தூக்கப்பட்டது. மாமாவின் தலை. மாமாவின் சிரிப்பு. வழக்கம் போல பெல்ட் போட்டிருந்தார், வழக்கம் போல கொக்கி இரண்டையும் தோளில் துண்டு மாதிரிப் போட்டிருந்தார். எதிலும் மாட்டவில்லை. என்றைக்குமே மாட்ட மாட்டார்.

"ஏன் மாப்ள இங்க மாட்டியிருக்கே?" அக்கறையான குரல். மேடையில் ஏறி, திறந்த கதவுக்கு முதுகைக் காட்டி, அவன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "சொன்ன எடத்துல நிக்கலாம்ல?"

"நான் பார்த்தேன் மாமா. அந்த ராட."

"தெரியும்டா. நீ எல்லாத்தையும் தடவிப் பார்க்கிறவன். அதான் நானே வந்தேன்." அவன் கன்னத்தை ஒரு தடவை தடவினார். "அக்காவ நான் பார்த்துக்கிறேன். அவளுக்கு ஒரு கொறையும் வராது."

கை கீழே இறங்கியது. தலைப்படியில் இருந்த அவன் கொக்கியைப் பிடித்தது. கொக்கியின் வாயை அமுக்கியது. கொக்கி கழன்று மாமாவின் கையில் இருந்தது. அவன் கத்தவில்லை. கத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், எங்காவது பழைய மாமா தென்படுகிறாரா என்று.

டக்.

இந்தத் தடவை அது மாமாவுக்கும் கேட்டது.

சத்தம் நிற்கவில்லை. மாமா மேலே வந்து உட்கார்ந்த பிறகும். ஏணியில். கதவுக்குக் கீழே.

டக். டக்.

"யாரு?" மாமாவின் குரல் உடைந்தது. "யாருடா கீழ? நான் யாரையும் ஏறச் சொல்லல."

ஏறுகிறவனுக்கு அவசரமே இல்லை. ஒன்றை மாட்டி, ஒன்றைக் கழட்டி. ஒன்றை மாட்டி, ஒன்றைக் கழட்டி. கருகிய தோல் வாசனை. பற்ற வைத்த இரும்பின் வாசனை.

திறந்திருந்த கதவின் விளிம்பில் ஒரு கையுறை வந்து பிடித்தது. வெல்டிங் கையுறை. ஈரம் சொட்டியது. அதற்குள் விரல்கள் மடங்கிய விதம், மடங்க முடியாத பக்கமாக இருந்தது. இன்னொரு கை பனிக்குள்ளிருந்து எழுந்து மாமாவின் முதுகைத் தடவித் தேடியது. பெல்ட்டின் வளையத்தைக் கண்டுபிடித்தது.

டக்.

மாமா திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. அவர் கண்கள் அவனைப் பார்த்தபடியே பெரிதாகிக்கொண்டிருந்தன.

கொக்கியின் பட்டை இழுபட்டு விறைத்தது. அந்தக் கை அதை விட்டுவிட்டு, தன் இரண்டாவது கொக்கியை எடுத்தது. அந்தக் கொக்கியின் வாய் அகலத் திறந்திருந்தது. மாமாவின் தோளைத் தாண்டி, நிதானமாக, கையெழுத்துப் போட்டவனின் முதுகைத் தேடி நீண்டது.