மூடிய கப்பலின் சிந்து

மழைக்குக் கடைத்தெருவே காலியாகியிருந்தது. ஆனாலும் பரதேசி வேடியப்பனின் சிந்துப் பாட்டுக்கு யாரோ 'ஆங்' கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

சிந்துக்கு அது வேண்டும். ஓர் அடி முடிந்ததும் கேட்பவன் 'ஆங்' என்பான். அந்த இடைவெளியில்தான் பாடுகிறவன் மூச்சு வாங்கி அடுத்த அடியைப் பிடிப்பான். 'ஆங்' நின்றால் சிந்தும் நின்றுவிடும். கிருத்திகைக்குத் தணிகைமலை ஏற வரும் கூட்டத்திடம் கொலைச்சிந்து பாடிப் பிழைக்கிற அந்தப் பரதேசி, வேர்க்கடலை மண்டி வாசலில் ஒதுங்கிக் கஞ்சிராவைத் தட்டிக்கொண்டிருந்தான். உள்ளே, விளக்குப் புகையும் ஈரச்சாக்கின் புழுங்கல் வாடையும் கலந்த மங்கலில், முதலாளி ஜெகநாதன் மட்டும் உட்கார்ந்திருந்தான். சுவர் மறைவில் எந்தச் சோம்பேறி 'ஆங்' கொட்டுகிறான் என்று எரிச்சலாக இருந்தது.

"ரங்கூன் விட்ட கப்பல்மேல குண்டு விழுந்ததே..."

ஆங்.

"அடித்தட்டு ஜனத்தையெல்லாம் பூட்டிப்புட்டானே..."

ஆங்.

ஜெகநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்தக் கப்பலில் சரக்கு மேஸ்திரியாக இருந்தவன் அவன்தான். கூலி ஜனம் மேலே வந்தால் படகில் தனக்கு இடமிருக்காது என்று வழியை அடைத்தவனும் அவன்தான். கரையேறி, திறக்கப் பார்த்தும் முடியவில்லை என்று சாதித்திருந்தான். உண்மை தெரிந்தால் தூக்கு.

ஆனால் பயத்தை ஏளனம் முந்திக்கொண்டது. கடலையே பார்க்காத பயல், கப்பலைப் பாட வந்துவிட்டான்!

"டேய், கப்பல்ல ஏதுடா பூட்டு? தெரியாம உளறிகினு கீறியே!"

"நீங்கதான் சொல்லுங்களேன் நைனா."

"அடித்தட்டு வாய்மேல பலகைய அடுக்கணும். அதுமேல கித்தான் துணி. ஓரத்துல இரும்புப் பட்டை வச்சி, மர ஆப்ப அடிச்சி எறக்கணும். தண்ணி பட்டா ஆப்பு ஊதிக்கும். கீழ இருந்து எத்தினி பேரு முட்டினாலும் அசையாது."

ஆங்.

இம்முறை அது ஜெகநாதனின் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"உள்ள யாரு நைனா?"

"எவனும் இல்ல."

ஆங்.

வேடியப்பன் மழையில் இறங்கி ஓடினான். தொடைநடுங்கி. ஜெகநாதன் சிரிக்க வாயைத் திறந்தான்.

பாட்டு வந்தது. அதே மெட்டு. ஜெகநாதனின் சொந்தக் குரல்.

"ஆப்பெடுத்து நானடிச்சேன் நாலு பக்கமும்..."

ஆங். ஆங்.

"அடியிலிருந்து அழுதாங்க ஐயா ஐயான்னு..."

ஆங். ஆங். ஆங்.

வாயைப் பொத்தினான். விரலிடுக்கில் பாட்டு கசிந்தது. கொலைகாரன் பேரைச் சொல்லும் அடி தொண்டைக்கு ஏறியது. பின்னால் 'ஆங்' எல்லாம் அடங்கியது.

திரும்பினான்.

மூட்டைகளுக்கிடையே, தரை தெரியாமல், நெருக்கியடித்த முகங்கள். எல்லாம் அண்ணாந்து. காற்றுக்காகத் திறந்த வாய்கள், மூடாமல், அவன் பேருக்குக் காத்திருந்தன.