கொக்கியின் பூர்வீகம்

செவ்வாய்க் கிரகத்தில் கணவனை வேலைக்கு அனுப்பும் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு மாலைவரைக்குமான காற்றையும் கொடுத்தனுப்புவார்கள். அன்று விசாலாட்சியும் அப்படித்தான் சபாபதியை அனுப்பினாள். பனிக்கட்டி வெட்டப் போனவன் உச்சிவேளையில் வானொலியில் கூப்பிட்டான். வண்டி பள்ளத்தில் சரிந்துவிட்டது, காற்றுக்கலம் ஒன்று உடைந்துவிட்டது என்றான். மிச்சமிருந்த காற்று சில மணி நேரத்துக்குத்தான் வரும்.

வண்டியை இழுத்து மேலேற்ற அவர்களிடம் ஓர் உழவி இருந்தது. தானே யோசித்து, தானே பேசி, தானே ஓடும் டிராக்டருக்கு அங்கே அதுதான் பெயர். ஆனால் அதன் பின்பக்க இழுவைக் கொக்கி போன வாரம்தான் முறிந்திருந்தது. புதியது பூமியிலிருந்து வர மாதக்கணக்கில் ஆகும்.

பட்டறைக்காரன் துரைப்பாண்டி தயங்கி நிற்கவில்லை. பூமியிலிருந்து வந்திறங்கிக் கைவிடப்பட்ட இறங்குகலம் ஒன்றின் காலை அறுத்து, சுடவைத்து வளைத்து, தடித்த தகடு ஒன்றில் வைத்து வெல்டிங் செய்தான். விசாலாட்சி தகட்டைப் பிடித்துக்கொண்டாள். பாரம் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். கொக்கி அசையவில்லை.

கொக்கியை மாட்ட உழவியைப் பின்னோக்கி வரச் சொன்னார்கள். வந்தது. தன் உணர்விகளால் கொக்கியைத் தடவிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது.

“இது எந்த இரும்பு?” என்று கேட்டது.

“பழைய கலத்தோடது. பாரம் தாங்கும், சோதிச்சுப் பாத்தாச்சு,” என்றாள் விசாலாட்சி.

“தாங்கலாம். ஆனா பூர்வீகம் தெரியாததை என் உடம்போட எப்படிச் சேத்துக்கிறது? நாளைக்கு மத்த உழவிங்க முகத்துல முழிக்க வேண்டாமா?”

அவள் கெஞ்சினாள், அதட்டினாள். கையால் ஓட்டும் வசதியை, உழவி தயாரிக்கும் நிறுவனம் எப்போதோ எடுத்துவிட்டிருந்தது. சபாபதி பேசுவதை நிறுத்தியிருந்தான். வானொலியில் மூச்சு மட்டும் கேட்டது, அதுவும் விட்டு விட்டு.

துரைப்பாண்டி முறிந்த கொக்கியிலிருந்து நிறுவனத்தின் முத்திரைத் தகட்டைப் பெயர்த்தெடுத்தான். அதைப் புதுக் கொக்கியில் பதித்தான். உழவி மறுபடி தடவிப் பார்த்தது.

“நம்ம ஆளுதானா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

பள்ளத்திலிருந்து இழுத்து வெளியே எடுத்தபோது சபாபதியின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. ஆனாலும் பிழைத்துக்கொண்டான்.

ஆத்திரம் அடங்காமல் விசாலாட்சி பூமியில் இருந்த அந்த நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினாள். அப்படி ஒரு விதியை நாங்கள் எழுதவே இல்லை என்று பதில் வந்தது. எதை ஏற்பது, எதை ஒதுக்குவது என்பதை, தன்மேல் ஏறி உட்காருபவர்கள் பேசுவதைக் கேட்டுத்தான் உழவி கற்றுக்கொள்கிறதாம்.

அறுவடைக்காலம் முழுக்க அதில் உட்கார்ந்து அவள் பேசியது ஒரே பேச்சைத்தான். மகள் குந்தவி விரும்பியவனைப் பற்றித் தங்கையிடம் புலம்பியிருந்தாள். பையனிடம் ஒரு குறையும் இல்லை, எந்த ஊர், எந்த ஆட்கள் என்றுதான் தெரியவில்லை என்று. அந்தப் பையன் துரைப்பாண்டி.

கற்றதை அழித்துவிடலாம், ஆனால் இனி அதன் காதுபட வேறுவிதமாகப் பேசிப் பழக வேண்டும் என்றார்கள் பூமியில் இருந்தவர்கள்.

விசாலாட்சி வெகுநேரம் யோசித்தாள். பிறகு, உழவிக்குள் ஆட்கள் உட்காரும் அறையில் மட்டும் அதற்குக் காது கேட்காமல் செய்துவிடச் சொன்னாள்.