பின்சீட்டுத் தேய்மானம்

தேனி மாவட்டப் பொதுமக்களுக்கும், கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் சகல உறவினர்களுக்கும், குறிப்பாகப் பழனிசெட்டிபட்டியில் கார் கன்சல்டிங் நடத்திவரும் திரு. ஈஸ்வரபாண்டி அவர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், போடி ஏலக்காய் வியாபாரி சுருளிராஜன் மேல்கூரை திறந்து மூடும் சிவப்புக் கார் ஒன்றை வாங்கிவிட்டார். வாங்கியதோடு நில்லாமல் கூரையைத் திறந்தும் விட்டார்.

மற்றவர்களுக்கு இது செய்தி. ஈஸ்வரபாண்டிக்கு வயிற்றெரிச்சல். சுருளிராஜன் அவருக்குச் சகலை. மனைவி யுவராணியின் தங்கை முனீஸ்வரியைக் கட்டியவர். இருபத்திரண்டு வருடமாகப் பழைய கார் வாங்கி விற்கும் சகலை ஒருவர், 'தென்னகத்தின் நம்பிக்கை' என்று போர்டு மாட்டிக்கொண்டு கம்பம் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், குமுளிக்கு மேலே ஏதோ எஸ்டேட் பங்களாவில் பத்தொன்பது வருடமாக நின்ற வண்டியை நேரே போய் ஓட்டிக்கொண்டு வந்தால் அதற்கு என்ன அர்த்தம்?

வீரபாண்டியில் மச்சினன் வீட்டுக் காதுகுத்தில் அதற்கு அர்த்தம் கேட்டுவிட்டார்.

"பத்தொம்போது வருசத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டரா? திருப்பின மீட்டரு சகலை. ஒரு பார்வையில சொல்லிருவேன்."

"திருப்புறதுக்கு இது என்ன நீங்க வித்த வண்டியா சகலை?" என்றார் சுருளிராஜன், இலையிலிருந்து தலையைத் தூக்காமல்.

பந்தி முழுக்கச் சிரித்தது. யுவராணியும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததை ஈஸ்வரபாண்டி மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டார். யுவராணி சிரித்ததை மட்டும் தினமும் ஒருமுறை வெளியே எடுத்துப் பார்த்து, பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் அக்காளும் தங்கையும் கூரை திறந்த காரில் போடி வரை போய் வந்தார்கள். காற்றில் கலைந்த தலையோடு வீட்டுக்கு வந்த யுவராணி, படுக்கப் போகும் வரை அதைச் சீவவில்லை.

ஆனி மாதம் அந்த வண்டி அவர் கைக்கே வந்தது.

"மூணு நாளைக்கு ஒருக்கா பேட்டரி உக்காந்துருது சகலை. மக பிரசவத்துக்குக் கோயம்புத்தூர் போறோம். வர்ற வரைக்கும் இங்கன கெடக்கட்டும். என்னன்னு பாத்து வைங்க."

"அதுக்கென்ன சகலை," என்றார் ஈஸ்வரபாண்டி. இவ்வளவு மனம் நிறைந்து அவர் யாருக்கும் உதவியதில்லை. மீட்டர் திருப்பியதுதான் என்று நிரூபிக்க வேண்டும். யுவராணியை வண்டி பக்கத்தில் நிறுத்தி, 'நீங்க சொன்னதுதான் சரி' என்று அவள் வாயால் ஒருமுறை கேட்க வேண்டும். அதற்குமேல் இந்த உலகத்தில் அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து, அடுப்படியில் யுவராணி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, வீட்டை ஒட்டிய தகர ஷெட்டின் ஷட்டரைத் தூக்கி உள்ளே போனார். வாசலைப் பார்த்தபடி நின்றது வண்டி. மலைக் கணவாயில் புகுந்து கம்பத்தையும் சின்னமனூரையும் தடவிக்கொண்டு வந்த ஆனிக் காற்று, கூரைத் தகரத்தை ஓர் ஓரமாகத் தூக்குவதும், சற்று யோசிப்பதும், திரும்ப வைப்பதுமாக இருந்தது. எங்கோ மேலே பெய்கிற மழையின் ஈரம் புழுதியோடு சேர்ந்து மணத்தது. கார்க் கதவைத் திறந்ததும் அந்த மணத்துக்கு அடியில் இன்னொன்று வந்தது. ஏலக்காய் வியாபாரியின் வண்டியில் ஏலக்காய் அல்லவா மணக்க வேண்டும். இது, வெகுகாலம் திறக்காத பீரோவில் ஈரத்தோடு மடித்து வைத்த சட்டையின் வாடை. காலரில் எண்ணெயும் வியர்வையும் ஏறிய, ஓர் ஆளின் வாடை.

எலி செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். சகலை வண்டியில் எலி செத்திருக்கிறது என்ற நினைப்பு இதமாகக்கூட இருந்தது.

மீட்டரைத் திருப்ப அரை மணி நேரம் போதும். தேய்மானத்தைத் திருப்புவதுதான் கஷ்டம். அது அவருக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ வண்டிக்கு மீட்டரைக் குறைத்த கையோடு பிரேக் மிதி ரப்பரையும் புதிதாக மாட்டி விற்றவர். ஆகவே டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவினார். பிரேக் மிதியில் வரிகள் கூர்மையாக நின்றன. ஸ்டியரிங் தோல் பளபளப்பேறவில்லை. ஏறி இறங்குகிற எவரும் உரசித் தீர்க்கும் டிரைவர் சீட்டின் ஓரத்தில் ஒரு தையல்கூடப் பிரியவில்லை. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கீறல் கிடையாது. எதுவும் மாற்றியதும் இல்லை. எல்லாம் கம்பெனியில் போட்டது.

வண்டி உண்மையிலேயே ஆறாயிரம்தான் ஓடியிருந்தது. இருபத்திரண்டு வருடத் தொழிலில் அவர் பார்த்த முதல் நேர்மையான மீட்டர். அதுவும் சகலைக்கு வாய்த்திருக்கிறது. சீட்டில் சாய்ந்து, துக்க வீட்டில் இருப்பவர்போலச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார்.

இறங்கும்போதுதான் பின்சீட்டைப் பார்த்தார்.

இடது பக்கம் தோல் கறுத்து, வழவழத்து, ஓர் ஆள் அளவுக்குக் குழிந்து கிடந்தது. வலது பக்கம் புத்தம் புதிது. குழிக்கு நேர் எதிரே, முன்சீட்டின் முதுகில், முழங்கால்கள் அழுத்தி அழுத்தி மெருகேறிய இரண்டு வட்டங்கள். கீழே கார்ப்பெட்டில் குதிகால் ஊன்றிய இரண்டு இடங்கள் நைந்து தகரம் தெரிந்தது. மேலே கூரைத் துணியில், தலை பட்டுப் பட்டு ஏறிய எண்ணெய்க் கறை. தொழில் கணக்கில் இது இரண்டு லட்சம் கிலோமீட்டர் தேய்மானம். ஓடாமல் நின்ற வண்டியில் யாரோ உட்கார்ந்தே தேய்த்திருக்கிறார்கள்.

அவருக்குப் பயம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது.

"யுவராணி, இங்கன வா."

ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தவள் எட்டிப் பார்த்தாள். "சீட்டு தேஞ்சிருக்கு. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? உன் தங்கச்சி புருசன் ஏமாந்துட்டாருன்னு அர்த்தம்."

"அவுக வண்டிய வாங்குனாக, ஓட்டுனாக, எங்களையும் ஏத்திக்கிட்டுப் போனாக. நீங்க இங்கன குனிஞ்சு தேய்மானத்தத் தேடிக்கிட்டு இருக்கீக." போகிற போக்கில் மூக்கைச் சுளித்தாள். "உங்க நீலக் கட்டம் போட்ட சட்டைய மொதல்ல தொவைக்கப் போடுங்க. இங்க வரைக்கும் நாறுது."

நாறியது அவர் சட்டை இல்லை.

நாலு மணிக்கு ஞானதுரை வந்தார். தேனியில் கார் வயரிங் வேலைக்குக் கடை வைத்திருப்பவர். வாய் சும்மா இருக்காது. பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி நடுவே கரண்டை அளக்கும் மல்டிமீட்டரைக் கோத்தார்.

"சாவி போடாமலே என்னமோ கரண்டக் குடிக்குதுண்ணே. நம்ம வீட்டு ஆளுக நாம இல்லாதப்ப ஏசி போடுற மாதிரி." பிறகு நெற்றி சுருங்கியது. "ஆனா நெலையா நிக்கலையே. ஏறுது, எறங்குது."

ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கைக்குட்டையில் வைத்தார். ரேடியோ. ஹாரன். உள் விளக்கு. கூரை மோட்டார். எல்லாவற்றையும் பிடுங்கியான பிறகும் எண் மெதுவாக ஏறியது, மெதுவாக இறங்கியது. ஏறியது. இறங்கியது. பார்த்துக்கொண்டே நின்ற ஈஸ்வரபாண்டிக்கு ஏதோ பழகிய தாளம்போல இருந்தது. என்ன என்று பிடிபட்டதும் அவர் தன் மூச்சை அடக்கிப் பார்த்தார்.

எண் நின்றது.

மூச்சை விட்டார். எண் இறங்கியது.

ஞானதுரை இதைக் கவனிக்கவில்லை. அவர் டார்ச்சோடு வண்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் பார்த்தார். தலையை வெளியே எடுத்தபோது குரல் தணிந்திருந்தது.

"அண்ணே, வீட்டுக்கு விருந்தாளி யாரும் வந்திருக்காகளா?"

"இல்லையே. ஏன்?"

"சும்மா கேட்டேன்." ஃபியூஸ்களை மாட்டி, பேட்டரியைக் கோத்து, ஸ்பேனர்களைப் பைக்குள் போட்டார். "நான் கெளம்புறேண்ணே. சர்ச்சுல ஒரு வேல இருக்கு."

"செவ்வாக்கிழம சர்ச்சுல என்னய்யா வேல?"

"இனிமேத்தாண்ணே பாக்கணும்."

பைக்கைத் தள்ளிக்கொண்டே ஓடி, கேட்டைத் தாண்டித்தான் அவர் ஸ்டார்ட் செய்தார்.

காற்று நின்றுவிட்டது. பகலெல்லாம் படபடத்த தகரம் அடங்கியதும், ஷெட்டுக்குள் எத்தனை சின்னச் சத்தங்கள் இருந்தன என்பது தெரிந்தது: எங்கோ சொட்டும் எண்ணெய், சூடு தணிந்து முறுகும் தகரம், பின்சீட்டு ஸ்பிரிங் ஒன்று பாரம் மாற்றும் முனகல். ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குள் போயிருக்கலாம். கால்கள் அதைத்தான் சொல்லின. ஆனால் கோயம்புத்தூரிலிருந்து வந்து, 'உங்களால முடியலையா சகலை' என்று அந்த மனிதர் யுவராணியின் முன்னால் கேட்பார். அதற்கு அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு ஈஸ்வரபாண்டியைக் கழுத்தைப் பிடித்து வண்டிக்குள் தள்ளியது.

கூரையாவது ஒழுங்காகத் திறக்கிறதா என்று பட்டனை அழுத்தினார். பாதி எழுந்து, குடைபோல விரிந்து, நின்றுவிட்டது. இந்த ரக வண்டிக்கு அதை விடுவிக்கும் திருகு பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும். முன்சீட்டை மடக்கி ஏறி, அதைத் திரும்ப நிமிர்த்தினார். ஏறும்போது அந்தக் குழியைக் கிட்டத்தில் பார்த்தார். இங்கே இருந்தவன் சாய்ந்து உட்கார்ந்தவன் இல்லை. முழங்காலை முன்சீட்டில் முட்டுக்கொடுத்து, காலியாகக் கிடந்த டிரைவர் சீட்டையே எட்டி எட்டிப் பார்த்திருக்கிறான். அதில் எவன் வந்து உட்காரப் போகிறான் என்று. வருடக்கணக்காக. அந்த உட்கார்வு ஈஸ்வரபாண்டிக்குத் தெரியும். உறவுக்காரர் கல்யாணங்களில் அவரும் அப்படித்தான் உட்காருவார்.

கையை ஊன்றினார். குழி சூடாக இருந்தது.

தகரக் கூரையின் சூடு என்று நினைத்தார். வலது பக்கத்தைத் தொட்டார். சில்லென்றிருந்தது.

திருகு எட்டவில்லை. ஒரு நிமிடம்தான். உட்கார்ந்தார்.

சரியாகப் பொருந்தியது. இடுப்பு. தொடை. குதிகால் இரண்டும் இரண்டு நைந்த இடங்களில். முழங்கால் இரண்டும் இரண்டு வட்டங்களில். ஐம்பத்து மூன்று வயதில் முதல் முறையாக, இவ்வளவு அளவாக ஓர் இடம்.

தலைக்கு மேலே கூரை நகர்ந்தது. பட்டனை யாரும் தொடவில்லை. மெதுவாக வந்தது. இறங்கியது. பூட்டிக்கொண்டது.

அந்த வாடை.

அவருக்கு அடியில் ஏதோ அசைந்தது. பஸ்ஸில் தன் ஸ்டாப் வந்ததும் ஜன்னலோரத்து ஆள் எழுந்து வழிவிடுவதுபோல, மரியாதையாக. அவரைத் தாண்டிக்கொண்டு முன்னால் போனது. டிரைவர் சீட்டு அழுந்தியது. ஒரு பெருமூச்சு. கதவு திறந்தது.

இறங்கிய ஆள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். முழங்கால்கள் மரத்துப்போயிருக்க வேண்டும். நீலக் கட்டம் போட்ட சட்டை. பின்தலையில் வழுக்கை. கால் தாங்கித் தாங்கி முதல் அடி. இரண்டாவது அடி. ஷெட் வாசலைத் தாண்டும்போது நடை சரியாகிவிட்டது. அது ஈஸ்வரபாண்டியின் நடை.

எழப் பார்த்தார். முடியவில்லை. கத்தினார். கண்ணாடியில் ஆவிகூடப் படியவில்லை.

முற்றத்தில் யுவராணி, துவைத்த துணி வாளியோடு. முன்கண்ணாடி வழியே எல்லாம் தெரிந்தது. எல்லாம் கேட்டது.

"வண்டி சரியாயிருச்சா?"

"ஆயிருச்சு. நல்ல வண்டி யுவராணி. சகலை பாத்துத்தான் வாங்கியிருக்காக."

அவள் அந்த ஆளை உச்சியிலிருந்து கால் வரை பார்த்தாள். வாளியை வைத்தாள். ஷெட்டுக்குள் வந்தாள். குனிந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பார்த்தாள்.

அவளுடைய கண்கள் நேராக அவர் கண்களில் வந்து நின்றன. யுவராணி, என்றார். யுவராணி. நீ சிரிச்சதப் பத்தி இனிமே ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.

விலைக்கு வந்த வண்டியை அவர் பார்ப்பதுபோலவே அவள் பார்த்தாள். நிதானமாக. எங்கெங்கே தேய்ந்திருக்கிறது என்று.

வெளியே அந்த ஆள் வாளியைத் தூக்கிக்கொண்டான். "நீ போய் ஒக்காரு. நான் காயப்போடுறேன்."

ஈஸ்வரபாண்டியின் நெஞ்சில் தீப்பிடித்தது. அந்த வீடு. அந்த வாளி. அந்த முற்றம். அத்தனையும் அவனுக்கு. முழங்கால்கள் தாமாகவே முன்சீட்டை அழுத்தின. தலை தானாகவே முன்னால் நீண்டது, எட்டிப் பார்க்க. யுவராணி வெளியே போனாள். ஷட்டர் இறங்கத் தொடங்கியது. வெளிச்சம் ஒரு முழமானது. ஒரு சாணானது. அதில் அவள் பாதங்கள். அவற்றுக்குப் பக்கத்தில் அவருடைய பாதங்கள்.

யுவராணி வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். முன்னவருக்கு இவர் தேவலை என்று விட்டுவிட்டாள்.