கம்பைலர் தின்ற நேரம்

கூட்டிப் பார்த்தால் பதினொரு நிமிடம் உதைத்தது.

ஃபஸீலா மறுபடியும் கூட்டினாள். துறைமுகக் கிரேன்களுக்காக எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருகிற கம்பைலர், மொத்தம் நாற்பது நிமிடம் வேலை செய்ததாகச் சொன்னது. எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் போனது என்கிற அறிக்கையோ, படிக்க ஆறு, சரிபார்க்க ஒன்பது, இயந்திர மொழியில் எழுதப் பதினான்கு என்று இருபத்தொன்பதோடு நின்றுவிட்டது. பதினைந்து வருடமாக இப்படி நேரத்தைத் துப்பறிந்தே பிழைப்பவள் அவள். ஒரு நிமிடம் இடித்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது.

ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடி அவர்கள் ஆபீஸ். வெள்ளிக்கிழமை பிற்பகல், மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். கீழே குழாய் அறுக்கும் இயந்திரத்தின் கிறீச்சொலியும், படிக்கட்டு வழியே ஏறி வருகிற கிரீஸ் வாடையும், ஏர்கானிலிருந்து வாளிக்குள் சொட்டுகிற தண்ணீரும்தான் அவளுக்குத் துணை. ஏழு மணிக்குள் ஈசூன் சைல்ட்கேருக்குப் போய் நான்கு வயது மகள் ஜைனபை அழைத்துக்கொள்ள வேண்டும். இந்த வாரம் ஏற்கனவே இரண்டு நாள் தாமதம். நேற்று போனபோது மற்றப் பிள்ளைகள் எல்லாம் போய்விட்டிருக்க, இவள் மட்டும் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மேலாளர் சிதம்பரம் போனில் விடவில்லை.

"அந்தப் பதினொரு மினிட் எங்க போச்சுன்னு பாத்துட்டுப் போங்க லா. இல்லாட்டி ரிப்போர்ட் அனுப்ப முடியாது."

"சார், பிள்ளைய எடுக்கணும்."

"ஒரே ஒரு வாட்டி ரன் பண்ணிப் பாக்குறதுதானே!"

நேரம் பிடிபடாவிட்டால் இன்னும் நுணுக்கமாக அளக்க வேண்டும். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது அதுதான். அளப்பதற்கே நேரம் செலவாகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவள் ஒவ்வொரு கட்டத்தையும் நூறாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் தொடங்கும்போதும் முடியும்போதும் மணி குறிக்கச் சொல்லி, என்டரைத் தட்டினாள்.

கண்ணை ஒருமுறை சிமிட்டினாள். அவ்வளவுதான். அறிக்கை வந்திருந்தது.

கீழே சத்தம் இல்லை. கிரீஸ் வாடையும் இல்லை, அந்த இடத்தில் புதுப் பெயின்ட் நெடி அடித்தது. வாளி வறண்டு, அடியில் துருப்பிடித்துக் கிடந்தது. அவள் பதறிக் கணவனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, லேட்டாயிருச்சு. நீங்க சைல்ட்கேருக்குப் போயி ஜைனப எடுத்துருங்க."

ஹமீதின் குரல் களைத்திருந்தது.

"சைல்ட்கேரா? அவளுக்கு இன்னிக்கு ஆறாங்கிளாஸ் ரிசல்ட். வந்துர்றேன்னு நீதானே சொன்ன, ஃபஸீலா? மேடையில நின்னு உன்னையவே தேடிக்கிட்டு இருந்தா."

போன் நழுவியது. திரையில், எல்லாக் கட்டங்களுக்கும் கீழே, புதிதாக ஒரு வரி.

எதிலும் சேராத நேரம்: எட்டு வருடம்.

ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் கிடந்தது. ஆனால் எட்டு வருடத்தை விட்டுவிட்டு எந்தத் தாய் எழுந்து போவாள்? போன நேரம் எங்காவது ஒரு வரியில்தான் இருக்க வேண்டும். வரியைக் கண்டுபிடித்தால் வெட்டி எடுக்கலாம். வெட்டினால் மீட்கலாம். எத்தனை முறை மீட்டிருக்கிறாள்!

துண்டுகளை ஆயிரமாக்கினாள். அழுதுகொண்டே ஆக்கினாள்.

என்டர்.

சிமிட்டக் கூடாது. கண் எரிந்தது. சிமிட்டக் கூடாது.

சிமிட்டினாள்.

இருட்டு. திரை வெளிச்சம் மட்டும். விசைகளின் மேல் தூசி. பின்னால் ஒரு மூச்சு. இழுத்து இழுத்து.

தோளில் ஒரு கை விழுந்தது. நரம்பு புடைத்த, தோல் சுருங்கிய, நடுங்குகிற கை.

"உம்மா," என்றது ஒரு கிழக்குரல். "வாப்பாவும் போயிட்டாங்க. எல்லாரும் போயிட்டாங்க. இப்பவாச்சும் வாங்க உம்மா."

ஃபஸீலா திரும்பவில்லை. அறிக்கையில் இன்னும் அந்த வரி அகப்படவில்லை. இன்னும் கொஞ்சம் நுணுக்கமாக. இன்னும் ஒரே ஒரு முறை.

விரல் என்டரைத் தொட்டது. தோளில் இருந்த கையின் கனம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஐந்து விரல் எலும்புகள் மட்டும் அவள் சட்டையைப் பற்றியபடி இருந்தன.