கால்மாட்டில் ஈஸ்ட்

கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்திருந்தது. பெட்டி முழுக்க அல்ல, தலைமாட்டில் மட்டும், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு. மாரிச்செல்வி பால் செம்போடு அப்படியே நின்றாள். உள்ளே அவள் அடுக்கிய ஈஸ்ட் பாக்கெட்டுகளைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவையும் கால்மாட்டில் கிடந்தன.

சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுவது அவள் புருஷன் காளீஸ்வரனின் தொழில். மிளகாய்க் காடு காய்ந்துபோன வருடம் வாங்கிய பெட்டி. சும்மா கிடந்தால் கம்ப்ரசர் கெட்டுவிடும் என்று, வாடகை இல்லாத நாளிலும் முன்னறையில் ஓடவிட்டிருப்பான். அந்தக் குளிரை ஏன் வீணாக்க வேண்டும் என்று யோசனை சொன்னவள் இவள்தான். மகள் பானுப்பிரியா காய்ச்சலில் கிடந்து எழுந்ததிலிருந்து சோற்றைக் கண்டாலே ஓங்கரித்தாள். வீட்டில் சுட்ட ரொட்டி மட்டும்தான் தொண்டையில் இறங்கியது, அதுவும் நாளுக்கு ஒரு துண்டு. முதுகுளத்தூர்க் கடைகளில் தொங்குகிற சின்னப் பொட்டல ஈஸ்ட் வெயிலில் செத்துப்போயிருக்கும். மாவு கல்லாகக் கிடக்கும். ராமநாதபுரத்து மொத்தக் கடையில் அட்டைப் பெட்டியோடுதான் கொடுத்தார்கள். காற்றை உறிஞ்சி, செங்கல் போல இறுகக் கட்டிய பாக்கெட்டுகள். வீட்டு ஃப்ரிட்ஜில் அவ்வளவுக்கு இடமில்லை.

"ஏங்க, பெட்டிக் கண்ணாடி வேர்த்திருக்கு."

"கரண்டு போயிட்டு வந்திருக்கும்." காளீஸ்வரன் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தான். "ஈஸ்ட்டும் உசுருதான்னு நீதான சொன்ன. மூச்சு விட்டுருக்கும் புள்ள."

சிரித்தான். வாய் கொப்புளித்துவிட்டுச் சொன்னான்: "முந்தாநேத்து அவசரத்துல அத எடுத்து வைக்க மறந்துட்டேன். சிக்கல் ஊரு வரைக்கும் போயி ஒரு ராத்திரி தங்கிட்டு வந்திருக்கு. காலுக்கு அடியில கிடந்ததால யாரும் பாக்கல."

"யாரு காலுக்கு?"

"செத்தவரு காலுக்குத்தான். வேற யாரு பெட்டியில படுப்பா?" துண்டால் முகத்தைத் துடைத்தான். "பாவம், தொண்டையில புத்து. பசிக்குது பசிக்குதுன்னே கத்துனாராம். ஒரு வாய் இறங்கல."

எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் போட்டுவிட வேண்டும் என்றுதான் அவள் பெட்டியைத் திறந்தாள். ஊதுபத்தியும் கசங்கிய ரோஜா மாலையும் கலந்த குளிர்ந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. முதல் பாக்கெட்டை எடுத்தாள். செங்கல் இறுக்கம் இல்லை. பிரிக்காத பாக்கெட், தலையணை போல உப்பியிருந்தது.

உள்ளறையிலிருந்து பானுவின் குரல் வந்தது.

"அம்மா, பசிக்குது."

காய்ச்சலுக்குப் பிறகு அந்தப் பிள்ளை வாயிலிருந்து வராத சொல். மாரிச்செல்வியின் கண் நிறைந்துவிட்டது. பாக்கெட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். அடுப்படிக்குக் கொண்டுபோய் வாயைக் கத்தரித்தாள். வெதுவெதுப்பான பாலில் ஒரு கரண்டி போட்டு, சீனி டப்பாவை எடுக்கத் திரும்பினாள். டப்பாவோடு திரும்பி வருவதற்குள் நுரை டம்ளர் விளிம்பைத் தாண்டி மேடையில் வழிந்துகொண்டிருந்தது.

அன்று பானு முழு ரொட்டியைத் தின்றாள். மறுநாளும். ஒட்டியிருந்த கன்னம் நிரம்பியது, கழுத்து எலும்பு மறைந்தது.

பக்கத்து வீட்டு மீனம்மாள் ஆட்டுக்குட்டியை இடுக்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "ஏடி செல்வி, என்னத்தடி ஊட்டுற? ஒம்மக கன்னத்துல ரெண்டு பன்னு முளைச்சிருக்கு! என் பேரனுக்கும் ரெண்டு துண்டு குடேன், ஓணான் கணக்கா கிடக்கான்."

"தாரேன் மதினி."

கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று தன்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை. வெகுநேரம் அடுப்படியில் உட்கார்ந்து, மூடிய மாவுச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பானு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். தட்டு காலியானதும் நிமிர்ந்து பார்ப்பாள், "இன்னும்" என்பாள், அவ்வளவுதான். ரொட்டி வேகும்வரை பொறுக்காமல் பச்சை மாவை விரலால் தோண்டி விழுங்கினாள். மென்றதாகவே தெரியவில்லை. தலைவாரிவிடக் குனிந்தபோது பிள்ளையின் உச்சியில் எண்ணெய் வாசம் இல்லை. புளித்த மாவின் வாசம். அதற்கும் அடியில் ரோஜா.

அக்காள்மடத்தில் ஒரு சாவு என்று அழைப்பு வந்து காளீஸ்வரன் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன அன்று, மாரிச்செல்வி மிச்சப் பாக்கெட்டுகளைச் சாக்கில் கட்டிக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தாள். மண்ணை மிதித்து மிதித்து இறுக்கினாள். நாளையிலிருந்து கஞ்சி. அழுதாலும் கஞ்சிதான். பிள்ளை பழையபடி மெலிந்தாலும் பரவாயில்லை, பிள்ளையாக இருந்தால் போதும்.

உள்ளே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கரண்டு இல்லை. பெட்டியின் உறுமல் இல்லாத முன்னறை புதிதாக, பெரிதாக இருந்தது. உள்ளறையில் பானு மத்தியானம் படுத்தவள் இன்னும் எழவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைப் போர்வை மட்டும் தெரிந்தது.

போர்வை மெதுவாக உயர்ந்தது.

மாரிச்செல்வி காத்திருந்தாள். தாழும் என்று காத்திருந்தாள்.

தாழவில்லை.

இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

"பானு."

ஓடிப்போய்ப் போர்வையை இழுத்தாள். சட்டைப் பொத்தான்கள் தெறித்துக் கிடந்தன. பிள்ளையின் நெஞ்சும் வயிறும் ஒரே மேடாக, மினுமினுத்து, விம்மி நின்றன. முகம் அமைதியாக இருந்தது. மூக்கருகில் விரல் வைத்தாள். காற்று உள்ளே போனது. உள்ளே மட்டும்.

"விடுடி. மூச்ச விடு கண்ணு. விடு."

இரண்டு கைகளாலும் நெஞ்சை அழுத்தினாள். எலும்பு தட்டுப்படவில்லை. கை இறங்கியது. மணிக்கட்டு வரை, வெதுவெதுப்பாக, இறங்கிக்கொண்டே போனது.

வெடுக்கென்று உருவிக்கொண்டாள்.

பானுவின் நெஞ்சில் பத்து விரல்களும் பள்ளமாகப் பதிந்திருந்தன. பிறகு அந்தப் பள்ளங்கள், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு விரலாக நிரம்பி மேலே எழுந்து வரத் தொடங்கின.