மிதிக்கட்டா?

மழை இறங்கப்போகிற மதியம். டீச்சரின் வெள்ளைக் கார் பட்டறை வாசலுக்கு வந்து, ஒருமுறை விக்கி, இன்னொருமுறை விக்கி, அப்படியே அணைந்துபோனது.

"நேத்துத்தானே சர்வீஸ் பண்ணிக் குடுத்தீங்க? இன்னைக்கு சிக்னல்ல நின்னா விக்குது, மிதிச்சா திணறுது. உங்க காதுக்கே டிமிக்கி குடுத்துடுச்சா?" என்று சிரித்துக்கொண்டே இறங்கினார் டீச்சர்.

மெக்கானிக்குக்கு அந்தப் பக்கத்தில் காதுக்காரர் என்றுதான் பெயர். தெருமுனையில் திரும்புகிற வண்டியில் எந்த பிளக் செத்திருக்கிறது என்று கட்டிலில் படுத்தபடியே சொல்லிவிடுவார். ஆனைக்கும் அடி சறுக்கும்தான். ஆனால் இந்த ஆனை கடைசி நாளிலா சறுக்க வேண்டும்?

ஆமாம், கடைசி நாள். மாலையில் மகன் வந்து அவரைக் கையோடு கூட்டிப்போகிறான். "அம்மாவும் இல்ல. தனியா இங்க யாருக்குப்பா காவல்?" என்று அவன் கேட்டபோது தலையாட்டிவிட்டார். பட்டறையில் மிச்சமிருந்த வேலை இந்த ஒரு வண்டிதான்.

"சாயங்காலம் வந்து எடுத்துக்குங்க டீச்சர். எங்கயோ காத்து இழுக்குது. பாத்துடறேன்."

டீச்சர் குடையை விரித்துக்கொண்டு போனார். தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. பட்டறைக்குள் பகலிலேயே இருட்டு கட்டியது.

இன்ஜின் ஒரே வழியாகத்தான் மூச்சிழுக்க வேண்டும். எங்காவது குழாய் வெடித்திருந்தால் அங்கேயும் திருட்டுத்தனமாகக் காற்றை இழுக்கும்; அதனால்தான் விக்கல். இழுக்கிற இடத்தில் 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம் வரும். அதைப் பிடிக்கக் காதுக்காரரிடம் ஒரு முழ ரப்பர் குழாய் உண்டு. ஒரு நுனி காதில் இருக்கும், மறுநுனி இன்ஜின் மேல் ஊர்ந்துபோகும். அப்போது இன்னொருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் கொடுக்க வேண்டும்.

அந்த இன்னொருவர் எப்போதும் அவர் மனைவிதான். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்து, "மிதிக்கட்டா?" என்பாள். வண்டி ஓட்டத் தெரியாது, மிதிக்கத் தெரியும். "மிதி" என்றால் மிதிப்பாள். "விடு" என்றால் விடுவாள். விட்டபிறகு, அவர் தலை பானட்டுக்குள் இருப்பதைப் பார்த்து, வேண்டுமென்றே சின்னதாக இன்னொரு மிதி. டுர்ர். அவர் திடுக்கிட்டுத் தலையை இடித்துக்கொள்வார். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பாள். போன மழைக்காலத்தோடு அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

இன்ஜினை ஓடவிட்டு, குழாயைக் காதில் வைத்துக் குனிந்தார். பெட்ரோல் வாடை. வால்வுகளின் டக்டக். அதற்கெல்லாம் அடியில் எங்கோ ஒரு ஸ்ஸ்.

"மிதி," என்றார். பழக்கதோஷம்.

இன்ஜின் உயர்ந்தது.

தறிகெட்டு அல்ல. ஒரு பாதம் அளந்து அழுத்துவதுபோல நிதானமாக உயர்ந்தது. கேபிள் சிக்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பானட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையே இருந்த இடுக்கில் எட்டிப் பார்த்தார். சீட் காலியாக இருந்தது.

"விடு."

இறங்கியது.

டுர்ர்.

தலை பானட்டில் மோதியது. வலி தெரியவில்லை. முன்கதவைத் திறந்து, சீட்டைப் பார்க்காமலே சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இன்ஜின் அடங்கியது. கூரையில் மழை மட்டும் கேட்டது.

ரப்பர் குழாயை மறுபடி காதில் வைத்தார்.

ஸ்ஸ்.

ஓடாத இன்ஜின் காற்றிழுக்காது. தொழிலின் அரிச்சுவடி அது. ஆனாலும் மறுமுனையில் எதுவோ இழுத்தது. இழுத்தது, விட்டது. இழுத்தது, விட்டது.

கசிவு இல்லை. மூச்சு.

பெட்ரோல் வாடையைத் தள்ளிக்கொண்டு ஈரப்புடவையின் சோப்பு வாசம் வந்தது. குழாய்க்குள்ளிருந்து, காதோடு காதாக, ஒரு குரல்.

"மிதிக்கட்டா?"

குழாயை உதறிவிட்டு வாசலுக்கு ஓடினார். தெருவில் ஈ காக்கை இல்லை. யாரைக் கூப்பிடுவது, கூப்பிட்டு என்ன சொல்வது? இந்தக் குரல் ஒருமுறை கேட்காதா என்று ஏங்கிக் கிடந்தவர், கேட்டதும் ஓடிவந்து மழையில் நிற்கிறார். நினைத்ததும் வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பயம் மட்டும் போகவில்லை.

ஆனாலும் வண்டியைக் கொடுத்தாக வேண்டும். திரும்பி வந்தார். ஏர்ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால் விரல் பருமனில் ஒரு குழாய் மடங்கி வெடித்திருந்தது. நேற்று பெட்டியை மாட்டும்போது அவரே நசுக்கியது. அதைக் கழற்றிவிட்டு, அது சொருகியிருந்த துளையைக் கட்டைவிரலால் துடைத்தார்.

துளை விரலைக் கவ்வியது.

சாவி பையில்தான் இருந்தது. இழுத்தார். விரல் வரவில்லை. அந்தப் பிடியில் வலி இல்லை. கூட்டத்தில் தொலைந்துவிடாமல் ஒருவர் கையை இறுகப் பற்றுவது போலிருந்தது.

"விடு," என்றார். "விடும்மா."

விட்டது. விரலைச் சுற்றி மோதிரம்போல ஒரு சிவந்த தடம் இருந்தது.

புதுக் குழாயை மாட்டினார். மாலையில் டீச்சர் வந்து ஓட்டிப்பார்த்துவிட்டு, "வெண்ணெய் மாதிரி போகுது, நல்லா இருங்க," என்று கையசைத்துவிட்டுப் போனார்.

பிறகு மகன் வந்தான். பெட்டியை ஏற்றினார்கள். பட்டறைக் கதவை இறக்கிப் பூட்டினார்கள். மகன் தன் காரைக் கிளப்பினான்.

அது விக்கியது.

"என்னப்பா இது? நேத்துத்தான் சர்வீஸுக்கு விட்டு எடுத்தேன். வர்றப்பகூட நல்லாத்தான் வந்துச்சு."

மறுபடி கிளப்பினான். திணறியதே தவிர, ஓரடி நகரவில்லை. காதுக்காரருக்கு ரப்பர் குழாய் தேவைப்படவில்லை. அந்த ஸ்ஸ் அவருக்கும் மகனுக்கும் நடுவிலிருந்து வந்தது.

"இறங்கிப் பாக்கறீங்களா?"

பார்க்க ஒன்றுமில்லை. ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். அவர் சொன்னால் அவள் கேட்பாள், என்றைக்கும் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டால் அதற்கப்புறம் அவருக்கு யாருமில்லை. கட்டைவிரல் தடத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மகன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"விடு," என்றார்.

"யார்கிட்டப்பா சொல்றீங்க?"

கார் வழுக்கிக்கொண்டு கிளம்பியது. தெரு முடிந்தது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். இன்ஜின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. தன் வாயாலேயே அவளை அனுப்பிவிட்டோமே என்று, மகன் இருப்பதையும் மறந்து, விம்மி விம்மி அழுதார்.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. மகன் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, கால்களை எடுத்து மடக்கிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினான்.

டுர்ர்.

காதுக்காரரின் கை தானாகப் போய்த் தலையைப் பொத்தியது.

மகன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். பிறகு, வெகு மெதுவாக, அவரைப் பார்த்தான்.

"நான் மிதிக்கலையேப்பா."