வறட்சியில் ஏறிய கிணறு

வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி. நீர்மட்டம் பார்ப்பதற்கென்றே தோண்டிய அளவுக் கிணற்றுக்குள் அளவு நாடாவை இறக்கிய வெர்லீன் யூக்கர், மேலே இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் இறக்கினாள். சந்தேகமே இல்லை, தண்ணீர் ஏறியிருந்தது. டெக்சஸின் அந்த மூலையில் பல மாதங்களாகப் பொட்டு மழை கிடையாது. இந்தக் கிணறு மட்டும் போன வாரத்தைவிடப் பத்தடி நிறைந்து நின்றது. மூடியின் பூட்டு அறுபட்டுப் புல்லில் கிடந்தது.

"அப்போ மோட்டாருங்களுக்கு வெட்டு கிடையாதா?" என்றாள் நிலத்துக்காரி மிஸ் டெல்ஃபினா ஸெர்டூச்சே. ஆடு வளர்ப்பவள். அவள் வீட்டுக் கிணறு செவ்வாயன்றே வற்றிவிட்டது. "இன்னும் ரெண்டு வாரம் இப்படியே போனா நிலத்த வித்துட வேண்டியதுதான்."

பக்கத்து நிலத்து ராய்ஸ் ஹேவர்ட்டி இராப்பகலாகத் தண்ணீர் இறைத்து, சுத்தம் செய்து, டாங்கரில் விற்றுக்கொண்டிருந்தார். அவரை யாரும் கேட்க முடியாது. அந்த மாநிலத்தில் நிலம் யாருடையதோ, அடியில் கிடக்கும் தண்ணீரும் அவருடையது. பக்கத்துக் கிணறு வற்றினால் அது பக்கத்துக்காரர் தலைவிதி. சட்டத்தை அசைக்க முடியாத ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தங்களுக்கென்று ஒரு நீர் வாரியம் அமைத்திருந்தார்கள். இந்தக் கிணற்றில் மட்டம் குறித்த கோட்டுக்குக் கீழே போனால் எல்லா மோட்டாருக்கும் பாதி வெட்டு; இறைப்பதில் பாதியை நிறுத்திவிட வேண்டும். வாரியத்துக்காக வாரம்தோறும் அளந்து குறிப்பவள் வெர்லீன்; அதன் சட்டையைப் போட்டுக்கொள்வதில் அவளுக்கு அத்தனை பெருமை.

கொஞ்சம் தண்ணீர் மொண்டு முகர்ந்தாள். "கந்தக நாத்தமே இல்ல. இது நம்ம பாறைத் தண்ணி இல்ல, மிஸ் டெல்ஃபினா. சுத்தம் பண்ணின தண்ணிய எவனோ கொண்டுவந்து ஊத்தியிருக்கான்."

டாங்கர் லாரியின் தடம் டெல்ஃபினா நிலத்தின் மூன்று கேட்டுகளையும் கடந்து கிணறு வரை வந்திருந்தது.

"கேட்டெல்லாம் எப்படி விட்டிருந்தீங்க?"

"முதலும் கடைசியும் மூடித்தான். நடு கேட்டும் எப்பவும் மூடித்தான் இருக்கும். நேத்து பொழுதுசாயத்தான், ஆடுங்க அந்தப் பக்கம் மேயட்டும்னு திறந்துவிட்டேன்."

"இப்போ?"

"விட்டது விட்டபடி இருக்கு."

வெர்லீன் சிரித்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு ஷெரிஃபின் ஆளோடு ராய்ஸின் முற்றத்தில் நின்றாள்.

"டாங்கர் என்னுதுதான்," என்றார் ராய்ஸ் அலட்டிக்கொள்ளாமல். "ஓட்டுறவன் ஹூஸ்டன்காரன். வெட்டு வந்தா அவன் வேலை போயிடும்ல? அவனப் போய்க் கேளு, பொண்ணே."

"நீங்க அந்தப் பக்கம் போகலையா, மிஸ்டர் ராய்ஸ்?"

"ஈஸ்டருக்கு அப்புறம் அந்த நிலத்துல கால் வைக்கல."

"நானும் அதான் நெனச்சேன். மாட்டுப் பண்ணையில வளர்ந்தவன் செய்யிற வேலையா இது? நடு கேட்ட ஆன்னு திறந்துபோட்டுட்டுப் போயிருக்கான். ஆடெல்லாம் சிதறிப்போச்சு. உங்கப்பா இருந்தா இப்படி ஒரு தறுதலைய வாசல்ல சேர்ப்பாரா?"

ராய்ஸின் முகம் சிவந்தது.

"திறந்துபோட்டதா? அது திறந்துதான் கிடந்தது! ஹேவர்ட்டி குடும்பத்துல எவனும் இதுவரைக்கும் அடுத்தவன் கேட்ட மாத்தி வெச்சதில்ல!"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஷெரிஃபின் ஆள் தொண்டையைச் செருமினான்.

"நடு கேட்ட மிஸ் டெல்ஃபினா நேத்து சாயங்காலம்தான் திறந்தாங்க. அது ராத்திரி அங்க வந்தவனுக்குத்தான் தெரியும்," என்றாள் வெர்லீன். "ஹூஸ்டன்காரனா இருந்தா மூணையும் மூடியிருப்பான், இல்ல மூணையும் திறந்துபோட்டிருப்பான். மூடினத மூடி, திறந்தத திறந்தபடி விட்டுட்டுப் போறது நம்ம ஊர் வளர்ப்பு. கள்ளத்தனம் பண்ணப் போன இடத்துலயும் அத விடல பாருங்க, அதுக்கு என் மரியாதை."

"என் மண்ணு, என் தண்ணி. சட்டம் என் பக்கம்!"

"தண்ணி உங்களோடதுதான், யார் இல்லன்னா? அந்த அளவு எங்களோடது. ஊரே ஓட்டுப் போட்டு வாங்கினது. அதுல கை வெச்சீங்க பாருங்க, அதுக்குத்தான் விலங்கு."

மாலைக்குள் ஊற்றிய தண்ணீரை இறைத்துக் கொட்டி மறுபடி அளந்தார்கள். மட்டம் கோட்டுக்கு வெகு கீழே. எல்லா மோட்டாருக்கும் பாதி வெட்டு என்று அன்றே அறிவித்தார்கள்.

டெல்ஃபினா நன்றி எதுவும் சொல்லவில்லை. "என் கிணத்துல தண்ணி ஊறினா எனக்கும் பாதிதானே?"

"உங்களுக்கும் பாதிதான்."

"அப்படித்தான் இருக்கணும். நானும்தான் ஓட்டுப் போட்டேன்," என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்த தலையோடு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள்.